கையெழுத்துப் போட முன்னம் ட்ராக்ஸ் கதையைக் கேளுங்கள்

கிளிநொச்சியில் சட்டத்தரணியாக இருக்கும் என்னிடம் அதிகம் வருவது காணிப் பிணக்குகள்தான். இப்போது இடைக்கிடை மடிக்கணினியோடு இளம் பிள்ளைகளும் வருகிறார்கள். பரந்தன், விசுவமடுப் பக்கம் வீட்டு அறைக்குள் இருந்தே எலக்ட்ரோனிக் நடன இசை செய்பவர்கள். சிலர் எங்கள் கோயில் பறையையே பீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கேட்கவே பெருமையாக இருக்கும். வெளிநாட்டு இசை நிறுவனம் ஒன்று பாட்டை வெளியிடுவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகுதான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

அவர்களுக்கு நான் சிக்காகோவின் ட்ராக்ஸ் ரெக்கோர்ட்ஸ் பற்றிச் சொல்வேன். ஹவுஸ் என்ற எலக்ட்ரோனிக் நடன இசையை உலகத்துக்குக் கொண்டுபோனதில் 1984இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை நடத்திய லாரி ஷெர்மனிடம் இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலையே இருந்தது. பழைய தட்டுகளை உருக்கி அச்சடித்ததால் பாட்டோடு இரைச்சலும் கேட்கும். இசை செய்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின இளைஞர்கள். பாட்டுகள் ஊர் ஊராக ஓடின. காசு மட்டும் வரவில்லை என்று அவர்களில் பலர் பின்னாளில் சொன்னார்கள். 1986இல் அங்கே வெளியான ‘கேன் யூ ஃபீல் இட்’ லாரி ஹேர்டின் பாட்டு. அவரும் பாடகர் ரொபர்ட் ஓவென்ஸும் 2020இல்தான் வழக்குப் போட்டார்கள். 2022இல் சமரசமாகி உரிமை திரும்பக் கிடைத்தபோது முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது.

எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. பாட்டு உருவானதுமே உரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும், அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். அந்தக் கையொப்பத்தைத்தான் பிள்ளைகள் கைபேசித் திரையில் விரலால் கீறி அனுப்பிவிடுகிறார்கள். “அது சும்மா ஃபோனில போட்டது சேர்” என்பார்கள். சும்மா இல்லை, தம்பி. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதையும் கையொப்பமாகவே ஏற்கிறது.

அண்மையில் ஒரு பிள்ளை கொண்டுவந்த ஒப்பந்தத்தில், உரிமை “உலகம் முழுவதும், நிரந்தரமாக, இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட” நிறுவனத்துக்கே என்று இருந்தது. பாட்டை வெளியிட இவ்வளவும் தேவையில்லை. உரிமையை உங்களிடமே வைத்துக்கொண்டு, சில வருடங்களுக்கு வெளியிடும் அனுமதி மட்டும் கொடுக்கலாம். நிரந்தரம் என்பதை வெட்டி 5 ஆண்டு என்று எழுதினோம், ஆறு மாதத்துக்கு ஒருதரம் கணக்குக் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தோம். மறுநாளே சரி என்று பதில் வந்தது. கேட்டால் கொடுக்கக்கூடியதைத்தான் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கடைசிப் பக்கத்தையும் விடாமல் வாசியுங்கள். பிணக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இலண்டன் என்று போட்டிருந்தால், விசுவமடுவில் இருக்கும் பிள்ளை எந்தக் காசில் அங்கே வழக்காடுவது?

ஏற்கனவே கையெழுத்துப் போட்டவர்கள் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பாட்டின் மூலக் கோப்புகளையும் நிறுவனத்தோடு பேசிய மின்னஞ்சல்களையும் அழிக்க வேண்டாம். பாட்டைச் செய்தது நீங்கள்தான் என்று காட்டுவதற்கு நான் முதலில் கேட்பது அவற்றைத்தான்.