ஏஐ மழை சொன்னால் புழுதி விதைக்கலாமா?

புரட்டாதி பிறந்தால் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பக்கம் புழுதி விதைப்புக்கு, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைக்க, நிலத்தை உழுதுவிட்டு எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். இப்போது வானத்தோடு போனையும் பார்க்கிறார்கள். நான் விவசாயப் போதனாசிரியர் என்றபடியால் எனக்கு ஸ்கிரீன்ஷொட்டுகள் வந்து குவியும். "பிள்ளை, வெள்ளிக்கிழமை மழையெண்டு ஏஐ சொல்லுது, விதைக்கட்டோ?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விதைநெல்லை இறைக்காதீர்கள்.

சட்பொட்டிடம் "நாளைக்கு மழை வருமா" என்று கேட்பதைப் பலர் ஏஐ முன்னறிவிப்பு என்று நினைக்கிறார்கள். அது கணிப்பதில்லை, எங்கேயாவது வாசித்ததைத் திருப்பிச் சொல்லும், சிலவேளை அதையும் பிழையாகச் சொல்லும். வானிலைக்கென்றே செய்த ஏஐ வேறு சாமான். கூகிள் டீப்மைண்ட் 2023இல் வெளியிட்ட கிராஃப்காஸ்ட், ஐரோப்பிய வானிலை மையம் 2025 பெப்ரவரியிலிருந்து அன்றாடப் பாவனைக்குக் கொண்டுவந்த ஏஐஎஃப்எஸ் எல்லாம் அந்த வகை. பல பத்தாண்டு கால உலக வானிலைப் பதிவுகளை அவற்றுக்கு ஊட்டியிருக்கிறார்கள். இப்போதைய நிலை இப்படியென்றால் 6 மணித்தியாலத்தில் எப்படி மாறும் என்பதை அவை அதிலிருந்து பழகியிருக்கின்றன, அந்த விடையையே திரும்பத் திரும்ப உள்ளே கொடுத்துப் பத்து நாளுக்கு ஓட்டுகிறார்கள். பெரிய சுப்பர் கணினிகள் நெடுநேரம் கணக்குப் போட்டுச் சொல்வதை கிராஃப்காஸ்ட் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும், பெரும்பாலான அளவுகோல்களில் அவற்றைவிடத் திருத்தமாகவும்.

சரி, பிறகென்ன பிரச்சினை? கட்டம்தான். இந்த மொடல்கள் உலகத்தை ஏறத்தாழ 28 கிலோமீற்றர் சதுரங்களாகத்தான் பார்க்கின்றன. யாழ் நகரிலிருந்து பருத்தித்துறைக்கு நேர்கோட்டில் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம். அப்படியென்றால் உங்கள் வயல், பக்கத்து ஊர்ச் செம்மண் தோட்டம், உப்பாறு, கொஞ்சம் கடல் எல்லாம் அதற்கு ஒரே இடம். ஒக்டோபரில் நமக்குப் பெய்வது பெரும்பாலும் பின்னேர இடிமழை. கோப்பாயில் கொட்டித் தீர்க்கும், கைதடியில் புழுதி பறக்கும். அதோடு இவை சராசரிப் பிழை குறையும்படி பயிற்றப்பட்டவை, ஆகவே கடும் மழையைத் தட்டையாக்கிச் சொல்லும் பழக்கமும் உண்டு. நாம் விதைப்புக்கு நாள் பார்க்கும் நேரம்தான் ஏஐக்கு மிகவும் கஷ்டமான நேரம், இதை ஒருவரும் சொல்வதில்லை.

விதைக்கிறவருக்கு முதல் மழை எப்போது என்பதைவிட, அதற்குப் பிறகு எத்தனை நாள் இடைவெளி விழும் என்பதுதான் முக்கியம். ஒரு மழையில் முளைத்த நெல் பத்து நாள் வெயிலில் கருகினால் விதைநெல்லும் உழவுக்கூலியும் போச்சு. இந்தியாவில் 2025இல் 3 கோடியே 80 இலட்சம் விவசாயிகளுக்கு ஏஐ உதவியுடன் பருவமழைத் தொடக்க முன்னறிவிப்பைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள், நடுவில் மழை நின்றுபோகும் என்பதையும் அது முன்கூட்டியே சொன்னது. நல்ல வேலை. ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்தது. நம்முடைய வடகீழ் பருவப்பெயர்ச்சிக்கு அதை அப்படியே தூக்கிப் போட முடியாது.

நவம்பர் கடைசியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் கிளம்பும்போது கதை மாறும். புயலின் பாதையைச் சொல்வதில் ஏஐ கெட்டி, காற்றின் வேகத்தைத்தான் குறைத்துச் சொல்லும். அப்போதும் வைபரில் சுற்றும் படங்களைக் கவனியுங்கள். டீப்மைண்டின் இன்னொரு மொடலான ஜென்காஸ்ட் போன்றவை ஒரே தரத்தில் 50க்கு மேற்பட்ட சாத்தியங்களைக் கீறித் தரும். அதில் யாழ்ப்பாணத்தைத் தொடும் ஒரு கோட்டை மட்டும் வெட்டியெடுத்து "12ஆம் திகதி புயல்" என்று போட்டுவிடுகிறார்கள். அடுத்த ஓட்டத்தில் அந்தக் கோடு இருக்காது, பயம் மட்டும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அதேபோல, கரை தட்டும் இடம் தூரமென்று ஆறியிருக்கவும் வேண்டாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரை தட்டியது, வெள்ளம் இங்கே யாழ்ப்பாணத்திலும் நின்றது. எச்சரிக்கை என்றால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல்தான், வேறு பேச்சில்லை.

உருளைக்கிழங்குக்காரருக்கு ஒரு நல்ல செய்தி: இரவு வெப்பநிலையும் ஈரப்பதனும் மழையைப் போல ஊருக்கூர் துள்ளுவதில்லை, அதனால் அவற்றை ஓரளவு நம்பலாம். தொடர்ந்து குளிர்ந்த, ஈரமான இரவுகள் வரப்போகின்றன என்று காட்டினால் வெளிறல் நோய்க்கு முன்கூட்டியே ஆயத்தமாகுங்கள், இலை கருகும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

நெல்லோ கிழங்கோ, வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு டின்னை மரநிழல் படாத வெளியில் வையுங்கள். மழை பெய்த மறுநாள் காலை அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து கலண்டரில் எழுதி, பக்கத்தில் முதல்நாள் போன் சொன்னதையும் எழுதுங்கள். மார்கழி முடியும்போது உங்கள் போன் உங்கள் வயலுக்கு எவ்வளவு பொய் சொல்கிறது என்று நீங்களே எனக்குச் சொல்லலாம், அந்தக் கலண்டரை ஒரு படம் எடுத்து அனுப்பினால் எனக்கும் பெரிய உதவி.