உச்ச நீதிமன்றம் என்று தேடாதீர்கள்

இலங்கையின் மட்டக்களப்பில் எங்கள் சட்ட நூலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கறுப்புக் கோட்டுக்காரர்கள்தான். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் தயங்கி நிற்பவரைப் பார்த்ததும் தெரிந்துவிடும். அப்படித்தான் ஒருநாள் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள், அரச காணிக்குத் தகப்பன் பெற்றிருந்த பெர்மிட். கூடவே ஏ.எல் படிக்கிற மகன்.

தகப்பன் தனக்குப் பிறகு காணிக்குரிய பின்னுரித்தாளராக யாரையும் பதியாமலே இறந்துபோயிருக்கிறார். தாயும் இல்லை. பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஆனால் "பெர்மிட் காணி ஆம்புளப் புள்ளைக்குத்தான்" என்று தம்பி அடித்துச் சொல்லிவிட்டாராம். மகன் போனை நீட்டினான். "2005இல சட்டம் மாறிட்டு மிஸ். பொம்பளப் புள்ளைக்கும் சம பங்காம், பாருங்க."

பார்த்தேன். நல்ல தமிழில், தெளிவாக விளக்கும் வீடியோ. ஆனால் அது இந்தியாவின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம். மட்டக்களப்புக் காணிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

தம்பி சொன்னதும் பொய்யில்லை, பழையது. அரச காணிப் பெர்மிட்டுக்குரியது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். பின்னுரித்தாளர் பதியப்படாதபோது யாருக்குக் காணி என்பதை அதன் மூன்றாம் அட்டவணை சொல்லும். அதில் மகன்மாருக்குப் பிறகுதான் மகள்மார். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் அந்த ஆண், பெண் வேறுபாட்டை எடுத்தது.

இதை நான் உடனே சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் பழக்கதோஷத்தில் 1956ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பை எடுத்து விரித்தேன். அதுவும் தம்பியின் பக்கம்தான் பேசியது. "அப்ப எனக்கு ஒண்டுமில்லையா புள்ள?" என்று அவர் கேட்ட பிறகுதான் திருத்தம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் அவர் முகம் விழுந்துபோயிற்று. தடித்த அட்டை போட்ட புத்தகத்தில் இருந்தால் அதுதான் சட்டம் என்ற மயக்கம் வாசகர்களுக்கு மட்டும் வருவதில்லை.

தகப்பன் இறந்தது திருத்தத்துக்கு முன்னா, பின்னா, அதனால் அவருக்கு என்ன கிடைக்கும் என்றெல்லாம் நான் சொல்லக்கூடாது. அது சட்டத்தரணியின் வேலை. கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் "நாங்கள் ஆலோசனை சொல்வதில்லை" என்ற வசனத்தை ஆளை வாசலோடு திருப்பி அனுப்பவும் பயன்படுத்தலாம். பலர் அப்படிப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். சட்டம் எது, அதன் கடைசித் திருத்தம் எது, தமிழ்ப் பிரதி எங்கே என்று எடுத்துக் கொடுப்பது ஆலோசனை அல்ல. அதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம்.

அந்தப் பொடியனின் தேடலில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் தேடினால் அதிகம் வருவது தமிழ்நாட்டுத் தமிழ். அங்கே ஜீவனாம்சம், இங்கே தாபரிப்பு. அங்கே பத்திரம், இங்கே உறுதி. அங்கே வழக்கறிஞர், இங்கே சட்டத்தரணி. இதெல்லாம் கேட்டதும் வேறு என்று தெரியும் சொற்கள், ஆபத்துக் குறைவு. ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போதுதான் கால் வழுக்கும். இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்றால் மாநிலத்துக்குரியது, அதற்கு மேலே உச்ச நீதிமன்றம். நமக்கோ உயர் நீதிமன்றம்தான் நாட்டிலேயே மேலானது, அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழேதான் மேல் நீதிமன்றம். 'உச்ச நீதிமன்றத் தீர்ப்பு' என்று நீங்கள் தேடினால் வருவது டெல்லித் தீர்ப்பு. கல்முனையிலிருந்து ஒரு முஸ்லிம் சகோதரி முத்தலாக் பற்றித் தேடினால் இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்து நிற்கும். அவருக்குரியதோ 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும், அதன்படி வழக்குக் கேட்கும் காதி நீதிமன்றமும்.

தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பற்றிய குழப்பமும் உண்டு. தமிழர் என்றாலே தேசவழமை என்று சட்டம் படிக்கிற பிள்ளைகளே எழுதிவிடுகிறார்கள். அது யாழ்ப்பாணத் தமிழருக்குரியது. இங்கே ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் என்று தாய்வழி வழக்கம் இருந்தது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அதுவும் போய்விட்டது.

அதனால் நூலகவியல் மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நான் புத்தகத் தட்டிலிருந்து தொடங்குவதில்லை. இப்படி ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டி, இது எந்த நாட்டுச் சட்டம், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். நம் சட்டமென்றால் 'இத்தனையாம் ஆண்டின் இத்தனையாம் இலக்கம்' என்று வரும். அந்த இரண்டு எண்களைப் பிடித்தால்தான் திருத்தத்தைத் தேடலாம். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் வெளியாக வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே தமிழ்ப் பிரதி கேட்பது சலுகை கேட்பதல்ல. தீர்ப்புத் தொகுப்புகள் வேறு கதை, அநேகமாக எல்லாம் ஆங்கிலம்தான்.

தமிழ்ப் பிரதி கிடைத்தாலும் எல்லோராலும் வாசிக்க முடிவதில்லை. எங்களிடம் வரும் சட்ட மாணவர் ஒருவருக்குப் பார்வை இல்லை. கணினி வாசித்துக் காட்டும் மென்பொருளில் கேட்டுத்தான் படிக்கிறார். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் இருந்த ஒரு கோப்பைக் கொடுத்தேன். நம் கண்ணுக்குக் 'காணி' என்று தெரிகிற இடத்தில் அந்த மென்பொருள் 'எஃப், எச், இஸட், பி' என்று எழுத்துக் கூட்டியது. ஸ்கேன் செய்த கோப்புக்கு அதுவும் இல்லை, வெறும் மௌனம்.

வேறு வழியில்லை, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தை, அந்த மென்பொருள் தமிழாகவே வாசிக்கும் யூனிகோடில் நானே தட்டத் தொடங்கினேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி சட்ட வாசகங்களுக்குப் பதிப்புரிமை இல்லை, ஆகவே யாரிடமும் அனுமதி கேட்கவும் தேவையில்லை. பகல் இடைவேளைகளில் தட்டி முடிக்க மூன்று வாரம் போனது. அனுப்பிய மறுநாளே போன் வந்தது.

"மிஸ், மூன்றாம் அட்டவணையில ரெண்டுக்குப் பிறகு நாலு வருது. மூண்டு எங்க?"

போய்ப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன்.