எந்த பிட் மேல் எவ்வளவு சந்தேகம்? எஸ்எஸ்டி தன் பிழையைத் தானே திருத்தும் கணக்கு

வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு லேத் பட்டறை. அக்னி நட்சத்திர மத்தியானம். போன வருடக் கணக்கை ஏற்றிய பழைய எஸ்எஸ்டி பரணில், கூரைக்கு ஒரு முழம் கீழே கிடக்கிறது. அதற்கு மின்சாரம் இல்லை, கேபிளும் இல்லை. ஆனாலும் உள்ளே தகவலைத் தாங்கும் எலக்ட்ரான்கள் கசிந்துகொண்டேதான் இருக்கின்றன.

சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் ஜேஇஎஸ்டி218, எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டிகூட 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்கிறது. வெப்பம் ஏறினால் கசிவு எவ்வளவு கூடும் என்று கணக்கிட வழக்கமாக எடுத்துக்கொள்ளும் ஆற்றல் அளவு 1.1 எலக்ட்ரான்வோல்ட். அதை வைத்துப் பார்த்தால், 40 டிகிரியில் கசிவு சுமார் 3.8 மடங்கு. ஒரு வருடம் மூன்று மாதத்துக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். புது டிஸ்க் இதைவிட நெடுநாள் தாங்கும். தேய்ந்துபோனதைத்தான் பரணில் போடக் கூடாது.

கசிந்தால் என்ன ஆகும்? டிஎல்சி வகை எஸ்எஸ்டியில், சார்ஜைப் பிடித்துவைக்கும் குட்டி அறையான ஒரு செல்லுக்கு 3 பிட். அதாவது 8 மின்னழுத்த நிலைகள், அவற்றைப் பிரிக்க 7 எல்லைக்கோடுகள். சார்ஜ் குறைந்த செல் பக்கத்து நிலைக்கு இறங்கிவிடும். அடுத்தடுத்த நிலைகள் ஒரே ஒரு பிட்டில் மட்டும் வேறுபடும்படி முன்கூட்டியே எண்களை அடுக்கியிருப்பதால், ஒரு நிலை சறுக்கினால் ஒரு பிட்தான் தப்பாகும். நன்றாக ஓடும் எஸ்எஸ்டியிலும் இப்படித் தப்பான பிட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கும். திருத்துகிறவன் இல்லாமல் இந்தச் சிப்பை விற்கவே முடியாது.

முன்பு அந்த வேலையை பிசிஎச் என்ற பிழைதிருத்தக் குறியீடு செய்தது. 1 கேபி தகவலில் ஒரு பிட்டைத் திருத்த 14 பிட் கூடுதலாக எழுத வேண்டும். 40 பிட்டைத் திருத்த 70 பைட். 41-வது பிழை வந்தால் உத்தரவாதம் போயிற்று. அதைவிடப் பெரிய குறை, அதற்குத் தெரிந்தது 0 அல்லது 1 மட்டுமே. எல்லைக்கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த செல்லையும், நிலையின் நடுவில் உறுதியாக நின்ற செல்லையும் ஒரே மாதிரி நம்பும்.

இப்போது அந்த இடத்தில் எல்டிபிசி என்ற இன்னொரு குறியீடு இருக்கிறது. ராபர்ட் கேலகர் 1960-இல் எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காகக் கண்டறிந்தது. அன்றைய கணினிகளுக்கு அது தாங்காத கணக்கு. 1990-களில்தான் மறுபடி கையில் எடுத்தார்கள்.

அதன் அடிப்படையைக் காசிமேட்டு ஏலக்கூடத்துக் கணக்கு நோட்டில் பார்க்கலாம். கூடைகளின் எண்ணிக்கை நாலு வரியில் எழுதியிருக்கிறது, மொத்தமும் தெரியும். உப்புத்தண்ணீர் பட்டு ஒரு வரி மங்கிவிட்டது. மொத்தத்தில் மற்ற மூன்றையும் கழித்தால் மங்கிய எண் வந்துவிடும். அந்த விடையை எவ்வளவு நம்பலாம்? மற்ற மூன்றில் எது அதிகம் மங்கலோ, அந்த அளவுக்குத்தான்.

எல்டிபிசியில் மொத்தத்துக்குப் பதில் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட சில பிட்டுகளில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் நம்பிக்கை எண் உண்டு. கூட்டல் குறி என்றால் 0, கழித்தல் என்றால் 1; எண் பெரிதாக இருந்தால் உறுதியும் அதிகம். நாலு பிட்டுகள் +9, −1, +7, +6 என்று வந்தால் ஒரே ஒரு 1. நிபந்தனை உடைகிறது. இரண்டாவது பிட்டுக்கு மற்ற மூன்றும் சொல்வது '0'. அவற்றில் சிறியது 6, அதை 0.75-ஆல் பெருக்கிக் குறைத்தால் 4.5. −1 உடன் சேர்த்தால் +3.5. பிட் திரும்பிவிட்டது. முதல் பிட்டுக்குப் போகும் செய்தியோ வெறும் −0.75 (மற்றவற்றில் சிறியது 1 என்பதால்). 9 என்பது 8.25 ஆகிறது, அவ்வளவுதான். சந்தேகப்பட்டது மாறுகிறது, உறுதியானது நிற்கிறது.

சிக்கனம் இங்கேதான் ஆரம்பம். நிஜத்தில் ஒரு நிபந்தனையில் 40 பிட்கூட இருக்கலாம். ஆனால் மிகச் சிறிய எண், அடுத்த சிறிய எண், முதலாவது எந்த இடத்தில் இருக்கிறது, பிறகு குறிகள். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் 40 பேருக்கும் பதில் சொல்லிவிடலாம். 0.75 என்பது பாதியும் காலும். நகர்த்திக் கூட்டினால் போதும், பெருக்கும் மின்சுற்று தேவையில்லை. நிபந்தனைகளை அடுக்கடுக்காக எடுத்து, ஓர் அடுக்கின் விடையை உடனே அடுத்த அடுக்குக்குக் கொடுத்தால், கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றுகளும் ஏறக்குறைய பாதியாகும்.

ஆனாலும் நல்ல கன்ட்ரோலர் (எஸ்எஸ்டியை நடத்தும் சிப்) இந்த முழுக் கணக்கை எடுத்ததுமே போடாது. உடைந்த நிபந்தனைகள் எத்தனை என்று முதலில் எண்ணும். கொஞ்சம் என்றால் பிட்டைத் திருப்பிப் பார்க்கும் சின்ன டிகோடரே (பிழை திருத்தும் பகுதி) போதும். அதிகம் என்றால்தான் பெரியது. எல்லா நிபந்தனையும் ஒத்துவந்த நொடியே நிறுத்திவிடும். அதிலும் முடியாவிட்டால் எல்லைக்கோடுகளை நகர்த்தி மறுபடி படிக்கும்; பிறகு கோட்டுக்கு இருபுறமும் பலமுறை படித்துத் துல்லியமான நம்பிக்கை எண்களைச் சேர்க்கும். கடைசிப் புகலிடம், மற்ற சிப்புகளோடு சேர்த்து எழுதிவைத்த பாரிட்டி, அதாவது போனதைக் கணக்கிட்டு மீட்க உதவும் உபரித் தகவல். ஒவ்வொரு மறு வாசிப்புக்கும் பல்லாயிரம் நானோ செகண்ட் போகும். பழைய டிஸ்க் மெதுவானதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எந்த பிளாக்குக்கு (செல்களின் தொகுதிக்கு) எந்தக் கோடு சரிப்பட்டது என்று நினைவில் வைக்கும் ஃபர்ம்வேர், அதாவது கன்ட்ரோலரின் உள்மென்பொருள், அந்த நேரத்தை மிச்சப்படுத்துகிறது. எங்கள் கணக்கில், டிகோடரை வேகமாக்குவதைவிட அது அதிகம் பலன் தரும்.

சிக்கலும் உண்டு. சில தப்பான பிட்டுகள் ஒன்றையொன்று தாங்கிப்பிடித்து, எத்தனை சுற்று ஓடினாலும் மாறாமல் நிற்கும். செய்திகளின் அளவையோ அடுக்கு வரிசையையோ மாற்றி மறுபடி ஓட்டினால் அந்தப் பிடி பெரும்பாலும் விடுபடும்.

பரணில் இருக்கும் டிஸ்கை இறக்கி, தகவல் முழுவதையும் வேறிடத்துக்குக் காப்பி எடுத்து மறுபடி எழுதுங்கள். வெறுமனே மின்சாரம் கொடுத்தால் எல்லா டிஸ்கும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. என்விஎம்இ வகை டிஸ்கில், தன் உடல்நிலையை அதுவே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால், பெரும்பாலும் மேலே சொன்ன எல்லாப் படியும் எங்கேயோ தோற்றிருக்கிறது, மாற்றிவிடுங்கள். கேபிளில் இணைக்கும் சாட்டா வகை டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தில் 199-வது எண், அதாவது வழியில் தகவல் கெட்டதை எண்ணும் சிஆர்சி பிழை, ஏறினால் அது வேறு கதை. பெரும்பாலும் கேபிள் அல்லது கனெக்டர். ராயபுரம், காசிமேடு பக்கத்து உப்புக்காற்றில் முனைகள் அரித்துப்போகும். டிஸ்கைத் தூக்கிப்போடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.