மெக்னீசியம் கொடுக்கிறீர்களா, தசைத் தளர்வு மருந்தைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்

பிரசவ வார்டில் வலிப்பைத் தடுக்கப் போடுகிற அதே மெக்னீசியம் சல்ஃபேட்டை முழு மயக்கத்திலும் துணை மருந்தாகக் கொடுக்கிறோம். விலை மலிவு, சின்ன ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும், பலனும் தெரிகிறது. வலியைப் பெருக்கிக் காட்டுகிற என்எம்டிஏ ஏற்பிகளை அடைப்பதால் ஃபென்டானில், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் குறைவாகப் போதும், தொண்டையில் குழாய் விடும்போது எகிறுகிற பிரஷரும் நாடித்துடிப்பும் அடங்கும். நானே விரும்பிப் பயன்படுத்துகிற மருந்துதான், அதனால்தான் சொல்கிறேன்.

முதல் விஷயம், இது மயக்க மருந்து இல்லை. மெக்னீசியத்தை நரம்பில் ஏற்றியே மயக்கம் கொடுக்கலாம் என்று பெக், மெல்ட்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1916இல் எழுதினார்கள். 1966இல் சோம்ஜென் குழுவினர் ஆட்களுக்கு ஏற்றிப் பார்த்தபோது உடம்பு தளர்ந்து அசைய முடியாமல் போனது, நினைவு மட்டும் தப்பவில்லை. அசையாமல் கிடக்கிறார் என்பதற்காக ஒருவர் தூங்குகிறார் என்று எடுத்துக்கொள்ள முடியாது, ஆகவே மெக்னீசியம் ஓடுகிறது என்ற தைரியத்தில் மயக்க வாயுவைக் கண்டபடி குறைக்காதீர்கள்.

அடுத்தது தசை. நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் தசையை அசைக்கச் சொல்கிற அசிட்டைல்கோலின் வெளியே வரும், மெக்னீசியம் அந்த நுழைவைத் தடுக்கிறது. எனவே வெகுரோனியம், ரோகுரோனியம் போன்ற தசைத் தளர்வு மருந்துகள் எல்லாம் வழக்கத்தைவிட ஆழமாகவும் நீண்ட நேரமும் வேலை செய்யும். பிரஷர் ஏறி ஏற்கனவே மெக்னீசியம் ஓடிக்கொண்டிருக்கிற கர்ப்பிணி சிசேரியனுக்கு முழு மயக்கத்தில் வந்தால், வெகுரோனியத்தின் அளவைக் குறைத்துத்தான் போட வேண்டும். சக்சினில்கோலின் என்கிற இன்னொரு தளர்வு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டாம். ஆனால் அதைப் போட்டதும் வழக்கமாகத் தெரிகிற தசைத் துடிப்பு இவர்களிடம் தெரியாமலே போகலாம், அதற்காகக் காத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

மெக்னீசியத்தின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 30 முதல் 50 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 30 என்று வைத்தால் 1.8 கிராம், அதாவது 2 மில்லிக்கு 1 கிராம் இருக்கிற 50 சதவீத ஆம்பியூலில் 3.6 மில்லி. அதை 100 மில்லி சலைனில் கலந்து 15 நிமிடத்தில் ஏற்றுங்கள். சிரிஞ்சில் எடுத்து அப்படியே தள்ளினால் பிரஷர் சட்டென்று விழும்.

முடிக்கும்போது தசைத் தளர்வை முறிக்கிற நியோஸ்டிக்மின் கொடுத்தாயிற்று, தலையைத் தூக்குகிறார், சரி, குழாயை எடுத்துவிடலாம் என்று பல தியேட்டர்களில் இன்னும் நடக்கிறது. அது போதாது. மணிக்கட்டில் நரம்புத் தூண்டியை வைத்து, அரை நொடி இடைவெளியில் நான்கு தூண்டல் கொடுத்து, நான்காவது அசைவு முதலாவதில் 0.9 பங்காவது இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு எடுங்கள். அந்தக் கருவி இல்லாத இடத்தில் மெக்னீசியத்தைத் தொடர்ச்சியாக ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அப்புறம், தசை முழுதாகத் திரும்பிய பிறகு ரிகவரி அறையில் மெக்னீசியம் போட்டாலும் தளர்ச்சி மீண்டும் வரக்கூடும், மூச்சைக் கவனிக்க ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஒன்று. மயக்க டாக்டர் முந்தின நாள் பார்க்க வரும்போது சிறுநீரகக் கோளாறு, மையஸ்தீனியா என்கிற தசை பலவீன நோய், இதய மின்னோட்டத் தடை எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். மெக்னீசியம் சிறுநீரில்தான் வெளியேறும், கிட்னி சரியில்லை என்றால் உடம்பிலேயே தேங்கும். மலச்சிக்கலுக்குக் குடிக்கிற மருந்திலும் நெஞ்செரிச்சல் மருந்திலும்கூட மெக்னீசியம் இருக்கலாம், அவற்றையும் சொல்லுங்கள்.

அளவு மீறினால் முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகு மூச்சு, கடைசியில் இதயம். மயக்கத்தில் இருப்பவரிடம், அதுவும் தளர்வு மருந்து போட்டவரிடம், இந்த முன்னறிகுறிகள் எதுவும் தெரியாது. எனவே முறிவு மருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ஆம்பியூல் மெக்னீசியம் தொடங்கும் முன்பே டிராலியில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் மானிட்டரைப் பார்த்தபடி மெதுவாக ஏற்ற வேண்டும்.