கழுத்துவரை புதைத்த பானை

"பாலைவனத்துலயே தோட்டம் போடுறாங்க, என் கத்தரிச்செடி மட்டும் ஏன் சார் கருகுது?" என்று கேட்டிருக்கிறார் மதுரைப் பக்கத்துத் திருமங்கலம் வாசகர் ஒருவர். கண்பட்டிருக்குமோ என்று வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டியும் பார்த்துவிட்டாராம்.

அந்தக் கற்றாழை மாதக்கணக்கில் வாடாமல் தொங்குவது திருஷ்டியைக் குடித்து அல்ல. பகலில் இலைத்துளைகளை மூடிவிட்டு, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும் செடி அது. கத்தரி பகலில்தான் திறந்தாக வேண்டும். திறந்தால் நீர் ஆவியாகும். வேர் ஈடுகொடுக்க முடியாவிட்டால் இலை துவளும்.

மதுரை பாலைவனம் இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்தால்தான் அந்தப் பெயர். இங்கே அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் வாளியால் ஊற்றும் தண்ணீரில் ஒரு பங்குக்கு வேரைச் சேரும் யோகம் கிடையாது, மேல்மண்ணோடு வெயில் குடித்துவிடும். ஆகவே தண்ணீரை மண்ணுக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு மண்பானை போதும். மானாமதுரைப் பக்கம் சுட்ட, பெயின்ட் பூசாத பானை. கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, ஒரு சாண் தள்ளிச் செடி வைத்தால் முடிந்தது. சீனாவில் ஃபான் ஷெங்ஷி என்பவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதிவைத்திருக்கிறார்.

இதில் என்னை மயக்குவது, பானைக்குக் குழாய்த் திருகு கிடையாது என்பதுதான். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வெளியே ஒவ்வொரு மண்துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். வேர் உறிஞ்ச உறிஞ்ச அந்தப் படலம் மெலியும். மெலிந்த படலம் பக்கத்து நீரை இன்னும் பலமாக இழுக்கும். அந்த இழுப்பு துகளுக்குத் துகள் கைமாறி, பானைச் சுவரின் துளைவரை வந்து உள்ளிருக்கும் நீரைப் பிடித்து இழுக்கிறது. மண் நனைந்ததும் படலம் தடித்து, இழுப்பு தளர்ந்து, கசிவு ஏறக்குறைய நின்றுவிடும். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைச் செடியே முடிவு செய்கிறது! அறுவடை முடிந்து பானையைத் தோண்டினால், வெளிச்சுவரை வெள்ளை வேர்கள் வலைபோலப் பின்னியிருக்கும்.

சொட்டுநீருக்கு நம் அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் தருகிறது, நல்லது. பானையைப் பற்றி ஆராயவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிட மலிவான சோதனைக்கூடம் எங்கே கிடைக்கும்?

திருமங்கலத்துக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. உங்களுடையது கரிசல் மண்ணாக இருந்தால், காய்ந்ததும் வெடித்துப் பானையை விட்டு விலகும். இடைவெளி விழுந்தால் நீர்ப்படலத் தொடர் அறுந்துபோகும். சுற்றிலும் மணலும் மட்கிய எருவும் கலந்து இறுக்குங்கள். உப்புத் தண்ணீர் என்றால் துளை அடைக்கும். பானையை அவ்வப்போது எடுத்து ஊறவைத்துத் தேய்க்கணும். வாயை மூடிவையுங்கள், இல்லையென்றால் டெங்கு கொசுவுக்குத்தான் தோட்டம் போட்டதாக ஆகும்.