மீட்டரைப் பார்த்து டீசல் வேன் வாங்காதீர்கள்

இந்த மாதமும் ஒரு குடும்பம் ஏமாந்துபோய் என் கராஜ் வாசலில் வந்து நின்றது. பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்கள். அம்மா தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கையில் கிடைத்த ஈபிஎஃப் பணம், அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, போதாததற்கு லீசிங். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம், சனி ஞாயிறு ஹயர் ஓடலாம் என்று நம்பி 20 வயதான ஒரு டீசல் வேனை வாங்கியிருக்கிறார்கள். மீட்டரில் 92,000 கிலோமீட்டர். இரண்டாவது தவணை கட்டுவதற்குள் எஞ்சினைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. உள்ளே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்ஸ் போய், சிலிண்டர் தேய்ந்து, பேரிங்கும் முடிந்து கிடக்கிறது. "பாஸ், ஒரு இலட்சம்கூட ஓடவில்லையே, எப்படி?" என்று அந்த வீட்டுத் தம்பி கேட்கிறார். வாங்குவதற்கு முன் யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டால், "மீட்டர் குறைவாக இருந்ததால் காட்டவில்லை" என்கிறார். இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 92,000ஐ 20 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 4,600. ஒரு நாளைக்கு 13 கிலோமீட்டருக்கும் குறைவு. ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஒரு தடவை போய் வந்தாலே அதைவிட அதிகமாக ஓடிவிடும். ஹயர் ஓடிய வேன், வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் வந்திருந்தால்கூட ஒரு பயணத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர் என்று வருடத்துக்கு 13,000 சேர்ந்துவிடுமே. டீசல் வண்டியை யாரும் வீட்டில் நிறுத்தி வைப்பதற்காக வாங்குவதில்லை, ஓட்டிச் சம்பாதிக்கத்தான் வாங்குகிறார்கள். கைத்தொலைபேசியில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பல இலட்சம் கொடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அந்த ஒரு நிமிடத்தைச் செலவழியுங்கள்.

மீட்டரைக் குறைப்பது பழைய சக்கர மீட்டரில் மட்டும்தான் நடக்கும், டிஜிட்டலில் முடியாது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். டிஜிட்டலில்தான் அது இன்னும் சுலபம், கருவி இருந்தால் சீக்கிரம் முடிந்துவிடும். சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் எஞ்சின் கம்ப்யூட்டரில் வேறு எண் அகப்படும். எல்லா வண்டியிலும் அகப்படாது, அதனால் அதையும் முழுதாக நம்பி இருக்க வேண்டாம்.

சரி, மீட்டர் உண்மையாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நம் ஆட்கள் செய்கிற பெரிய தவறு ஒன்று இருக்கிறது. "ஒரு இலட்சத்துக்குள் என்றால் நல்ல வண்டி, இரண்டு இலட்சம் தாண்டினால் முடிந்த வண்டி" என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தக் கோட்டை யார் போட்டது என்று தெரியவில்லை, ஆனால் மலையகம் முழுக்க இதை வைத்துத்தான் பேரம் நடக்கிறது. டீசல் எஞ்சினுக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதிலும் நம் பாதைகளில் ஓடிய வண்டிக்குக் கொஞ்சமும் பொருந்தாது.

எஞ்சின் தேய்வது எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரத்தில் உழைத்தது என்பதைப் பொறுத்தது. ஏற்றமில்லாத புத்தளம் பாதையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய வேன் ஒன்று இரண்டரை இலட்சம் கிலோமீட்டர் ஓடினால், எஞ்சின் உழைத்தது 5,000 மணி நேரம். தோட்டத்துப் பாதையில், இரண்டாம் மூன்றாம் கியரில், சராசரி 20இல் ஓடிய வேன் ஒரே இலட்சத்தில் அதே 5,000 மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதுவும் ஆட்களையும் மூட்டைகளையும் நிரப்பிக்கொண்டு ஏற்றத்தில் உழைத்த மணிகள். கிளச், கியர்பெட்டி, பிரேக், முன்பக்க புஷ், பால் ஜொயின்ட் எல்லாவற்றின் கதையும் இன்னும் மோசம். ஒவ்வொரு வளைவிலும் கியர் மாற்றிய வண்டியும் நேர்பாதையில் ஒரே கியரில் போன வண்டியும் ஒன்றாகுமா? அதனால் இரண்டரை இலட்சம் ஓடிய தாழ்நாட்டு வண்டி, நேரத்துக்கு ஒயில் மாற்றிய பில்களோடு வந்தால், ஒரு இலட்சம் ஓடிய நம்மூர் வண்டியைவிட அதை நான் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. "பாஸ் இரண்டரை இலட்சம் ஓடியதை எடுக்கச் சொல்கிறார்" என்று போய், குறைந்த மீட்டர் வண்டியையே எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

அப்படியென்றால் எவ்வளவு வரை பரவாயில்லை? என் அளவுகோலைச் சொல்கிறேன். டேர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத, டொயோட்டாவின் பழைய 3எல், 5எல் மாதிரி எஞ்சின்கள் ஒழுங்காகப் பராமரித்திருந்தால் மூன்று இலட்சத்தைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். நான்கை நெருங்கினால் எஞ்சின் வேலைக்கான பணத்தை விலையிலேயே கழித்துப் பேசச் சொல்வேன். டொயோட்டாவின் 2சி எஞ்சினில் கிலோமீட்டரைவிட ஹெட்டை, அதாவது சிலிண்டர்களின் மேல்மூடியைப் பாருங்கள். ஒரு தடவை சூடேறிய எஞ்சினில் ஹெட் வெடித்திருந்தால் 80,000 ஓடியிருந்தாலும் அது செலவு வண்டிதான். டொயோட்டா கேடீஎச் வேன்களிலும் ஹைலக்ஸ்களிலும் வரும் 1கேடி போன்ற கொமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் டீசல் பாயும்) எஞ்சின்களில் ஒன்றரை இலட்சம் தாண்டியதுமே, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். அதில் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் கரி ஒயிலுக்குள் இறங்கும், கீழே ஒயில் இழுக்கும் வடிகட்டி அடைபடும், அப்புறம் ஒயில் கிடைக்காமல் எஞ்சின் சிக்கிக்கொள்ளும். கடைசியாக எப்போது அந்த வாஷர் மாற்றினார்கள் என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அந்த எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்ததுதானா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம் வரை வராமல் இருந்த காலத்தில், இருந்த பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சின் ஏறிய வேன்கள் நம் பக்கம் நிறைய. எஞ்சின் மாறிய வண்டியில் மீட்டர் எண் பாடிக்கும் கியர்பெட்டிக்கும் மட்டும்தான் ஏதாவது சொல்லும். எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள், செசி இலக்கத்தையும். பொருந்தவில்லை என்றால், வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், விற்பவர் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சரிசெய்து தரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

2022ஐயும் மறக்க வேண்டாம். டீசல் 400 ரூபாயைத் தாண்டியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய்க்கு இருந்தது, ஆகஸ்டில்தான் 340 ஆனது. அந்த மாதங்களில் கலந்து ஓட்டியவர்கள் எத்தனை பேர் என்று கராஜில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெயில் வழவழப்புக் குறைவு, டீசல் பம்பும் அதைப் பீய்ச்சும் நொசிலும் அதில் தேயும். அதை எந்த மீட்டரும் காட்டாது.

அப்போ எதைப் பார்ப்பது? காலையில் போங்கள். முன்கூட்டிச் சொல்லும்போதே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், போனதும் முதல் வேலையாக எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் திரும்பி வந்து இன்னொரு நாள் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் உடனே பிடித்து, கொஞ்ச நேரத்தில் புகை அடங்கி, சீராக நிற்கிற எஞ்சினுக்கு நான் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன். பிறகு ஐட்லிங்கில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதைத் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். இலேசாக அசைந்தால் பரவாயில்லை, துள்ளி விழுந்தாலோ புகை ஊதினாலோ ரிங்ஸ் போய்விட்டது. மீட்டரில் 30,000 காட்டினாலும் சரி. மூடியைத் திறந்திருக்கும்போதே டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள், தார் மாதிரி கறுப்பாகப் படிந்திருந்தால் ஒயில் நேரத்துக்கு மாற்றவில்லை என்று அர்த்தம். ஒயில் கறுப்பாக இருக்கிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள், டீசல் எஞ்சினில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே ஒயில் கறுத்துவிடும். பார்க்க வேண்டியது படிவைத்தான்.

புகையைப் பற்றி ஒரு சங்கதி. கொழும்பில் புகையே இல்லாத டேர்போ இல்லாத வண்டி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு வந்ததும் கொஞ்சம் கறுப்பாக விடும். மேலே காற்று குறைவு, அது நோய் இல்லை. நீலப் புகைதான் நோய். ஆனால் சில பேர் விற்பதற்காகவே பம்பில் டீசலைக் குறைத்து வைத்துப் புகையை மறைப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க ஏற்றம் வேண்டும். குருநாகலில் வாங்குகிறீர்கள் என்றால் கடைத்தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள், கடுகண்ணாவை ஏற்றத்துக்குக் கொண்டுபோய் ஆட்களை ஏற்றி ஓட்டுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே பதில். ஏறும்போது வெப்பமானியில் கண் இருக்கட்டும். இறங்கும்போது இரண்டாம் கியரில் விட்டு, கியர் கழன்று விழுகிறதா என்று பாருங்கள்.

உள்ளே உட்கார்ந்ததும் பெடல் ரப்பர், ஸ்டியரிங், சாரதி ஆசனத்தின் ஓரம், கியர் தடியின் குமிழ், சீட் பெல்ட்டின் விளிம்பு. 60,000 ஓடிய வண்டியில் கிளச் பெடலின் இரும்பு தெரியாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 25,000தான் ஓடியது என்று சொல்லும் வண்டிக்கு நான்கு டயரும் ஏன் மாறியிருக்கின்றன? பல டொயோட்டா டீசல்களில் டைமிங் பெல்ட் விளக்கு ஒன்று இருக்கும், ஒரு இலட்சம் ஓடியதும் எரிவது. சாவியை ஓன் பண்ணும்போது மற்ற விளக்குகளோடு அதுவும் ஒரு தடவை எரிய வேண்டும். எரியவில்லை என்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அந்த பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும், அதனால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

ஜப்பானிலிருந்து நேரடியாக வந்ததாகச் சொன்னால் ஏற்றுமதிச் சான்றிதழையும் ஏலத் தாளையும் கேளுங்கள், இரண்டிலும் அங்கே ஓடிய கிலோமீட்டர் இருக்கும். இங்கே ஓடிய வண்டிக்கு சேர்விஸ் பில்கள், ஒயில் மாற்றும்போது கட்டிவிடும் அட்டை. பழைய அட்டை ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்து, மீட்டரைவிடப் பெரிய எண்ணைக் காட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

தம்பிமாரே, ஒரு வேண்டுகோள். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக்கிடம் காட்டாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த, அந்த விற்பனையில் பங்கில்லாத ஒருவரைக் கூட்டிப் போங்கள். அரை நாள் கூலியும் பஸ் காசும் கொடுத்தால் போதும், அம்மாவின் பணம் தப்பும். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை.

வாங்கிய பிறகு முதல் வாரத்திலேயே எஞ்சின் ஒயில், மூன்று பில்டர் (ஒயில், டீசல், காற்று), கூலன்ட், பெல்ட் மாற்றிய சான்று இல்லை என்றால் டைமிங் பெல்ட், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வண்டி விலையோடு இதற்கும் முதலிலேயே பணம் ஒதுக்கி வையுங்கள். மாற்றிய திகதியையும் அன்றைய மீட்டர் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி டேஷ்போர்டுக்குள் வையுங்கள். அதன் பிறகு ஒயிலை 5,000க்கு ஒரு தடவை, தோட்டத்துப் பாதையிலேயே ஓடும் வண்டி என்றால் 4,000க்கே மாற்றுங்கள்.