ஹோம் பார்க்கப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்

பேச்சுச் சிகிச்சைக்காக என்னிடம் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர், எல்லாம் பேசி முடித்து எழும்பும் நேரத்தில்தான் அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். "மிஸ், நாங்க கண்ண மூடிட்டா இவன யாரு பார்ப்பா? நல்ல ஹோம் ஏதும் தெரியுமா?"

தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பரா சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனால், அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளையையோ ஓட்டிசம் உள்ள பிள்ளையையோ அப்பாயிதான் பார்த்துக்கொள்வார். அப்பாயி படுக்கையில் விழும்போது பையன் வாலிபனாகி இருப்பான். கைப்பிடித்து நிறுத்த ஆளில்லை. கடைசியில் ஒரு ஹோமில், அதாவது இப்படிப்பட்டவர்களைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில், விடுகிறார்கள். அப்படி விட்டவர்களைப் பாசமில்லாதவர்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் பேசுவோர் உண்டு. பேசுகிறவர்கள் அவனை ஒரே ஒரு நாள் வைத்துப் பார்க்கட்டும்.

சரி, நல்ல ஹோம் எது? போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் டைல்ஸ் போட்ட தரை, பூந்தோட்டம், வரிசையாக விரித்த கட்டில் என்று சொல்வார்கள். நான் கேட்பது வேறு. அங்கே இருக்கிற ஒருவர் "வேண்டாம்" என்றால் என்ன நடக்கிறது? இவர்களில் பலர் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். முகத்தைத் திருப்புவார்கள், துப்புவார்கள், தட்டைத் தள்ளுவார்கள், தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அதை ஊழியர்கள் அடங்காத்தனம் என்று எடுக்கிறார்களா, இல்லை ஏதோ சொல்கிறார் என்று எடுக்கிறார்களா என்பதில்தான் ஒரு ஹோமின் தரம் இருக்கிறது.

சுவெட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நுவரெலியாப் பக்கம் 6,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர்களில் இரவில் சுவெட்டர் இல்லாமல் முடியாது. ஓட்டிசம் உள்ள சிலருக்குக் கம்பளி நூல் தோலில் பட்டால் முள் குத்துகிற மாதிரி. கழற்றி எறிவார்கள். திரும்பத் திரும்ப மாட்டிவிட்டு, கடைசியில் கழற்ற முடியாதபடி கையைத் துணியால் கட்டி வைத்ததை ஓர் இடத்தில் பார்த்தேன். இன்னோர் இடத்தில் உள்ளே முழுக்கைப் பருத்திப் பனியன் போட்டு, கழுத்து லேபிளை வெட்டிவிட்டு, மேலே சுவெட்டர் போட்டிருந்தார்கள். வசதியில் இரண்டாவது இடம் குறைவுதான். அங்கிருந்த அக்கா யாரிடமும் பயிற்சி பெறவில்லை, ஏன் கழற்றுகிறான் என்று யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். தகரக் கூரையில் தென்மேற்குப் பருவமழை அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு கத்துபவர்களும் அப்படித்தான். அந்த நேரம் இருக்க ஒரு மூலை இருக்கிறதா என்று பாருங்கள்.

என் தொழிலுக்கு நெருக்கமான விஷயம் சாப்பாடு. அதனால்தான் சாப்பாட்டு நேரத்தில் போகச் சொல்கிறேன். பல ஹோம்களில் நான் பார்ப்பது இது. ஊட்டுகிறவர் நின்றுகொண்டிருப்பார். சாப்பிடுகிறவர் தாழ்ந்த கதிரையில் இருப்பார். கரண்டி மேலிருந்து வருவதால் தலை அண்ணாந்துவிடும். அப்படி அண்ணாந்து விழுங்கும்போது, ஏற்கெனவே விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் இறங்குவது சுலபம். ஊட்டுகிறவருக்கு அடுத்தடுத்து இன்னும் ஆறேழு பேர் காத்திருப்பதால், முதல் வாய் இறங்குமுன் அடுத்த கரண்டி வந்துவிடும். சாப்பிடும்போது இருமல், தண்ணீர் குடித்த பின் தொண்டையில் கரகரத்த ஈரக்குரல், அடிக்கடி காய்ச்சலோடு நெஞ்சுச் சளி: இவை இருந்தால் உணவு நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இருமலே வராமல் உள்ளே போவதும் உண்டு. ஆனால் நம் ஊரில் நெஞ்சுச் சளி என்றால் உடனே குளிரைச் சொல்லிவிடுகிறோம். ஒரே ஆள் திரும்பத் திரும்ப நியுமோனியாவோடு வார்டுக்கு வந்தாலும் குளிர்தான் காரணம் என்று எழுதிப் போகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மரணத்துக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இந்த நியுமோனியா.

இதற்குப் பெரிய செலவில்லை. ஊட்டுகிறவர் எதிரே, சாப்பிடுகிறவரின் கண் மட்டத்தில் உட்கார வேண்டும். சாப்பிடுகிறவர் முதுகு நிமிர்ந்து, மோவாய் கொஞ்சம் கீழ் நோக்கி, பாதம் தரையில் பட இருக்க வேண்டும். சின்னக் கரண்டி, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்து அடுத்தது. சாப்பிட்ட உடனே படுக்க வைக்கக் கூடாது, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். வாயை மூடிக்கொண்டால் நிறுத்த வேண்டும். மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும் என்ற பழைய வழியை எங்கே பார்த்தாலும் தடுத்துப் பேசுங்கள், மூச்சுக்கு வாய் திறக்கும்போது உணவும் மூச்சோடு போகும்.

சாப்பாட்டோடு சேர்ந்ததுதான் மாத்திரையும். கத்துகிறார், அடிக்கிறார் என்பதற்கு ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் கொடுப்பதுண்டு. தேவையான இடத்தில் அவை உதவும். ஆனால் தூக்கம், எடை கூடுதல், உடல் விறைப்பு, வாய்நீர் வடிதல் எல்லாம் அவற்றோடு வரலாம். விழுங்கும் சிரமமும் கூடலாம். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை இப்படித் தேவைக்கு மேல் மருந்து கொடுப்பதை நிறுத்தவே 2016 இல் தனியாக ஒரு திட்டம் தொடங்கியது. உங்கள் பிள்ளை முன்பை விட "அமைதியாக" இருப்பதாகச் சொன்னால் சந்தோஷப்படுமுன் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள். எந்த டொக்டர் தொடங்கினார், எதற்காக, கடைசியாக எப்போது பார்த்தார்? பதில் இல்லாவிட்டால் கிளினிக்குக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மாத்திரையை நிறுத்தவே கூடாது. அப்புறம் இன்னொன்று: புதிதாகத் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தவருக்கு மாத்திரையைக் கூட்டுமுன் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் யாராவது பார்த்தார்களா? பல்வலியைச் சொல்லத் தெரியாதவர் வேறு என்ன செய்வார்?

நம் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் மொழி. தமிழ்ப் பிள்ளை, சிங்களம் மட்டும் தெரிந்த ஊழியர்கள். ஓர் இளைஞன் தினமும் "மடுவத்துக்குப் போவோம், மடுவத்துக்குப் போவோம்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு ஓடுவான். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் இடம். ஓடிவிடுகிறான் என்று கதவைப் பூட்டினார்கள். அம்மாவிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "அது பசி மிஸ். கொழுந்து நிறுத்துட்டு வாரப்ப கடையில பணிஸ் வாங்கிக் குடுப்பேன், அதத்தான் சொல்றான்." பின்னேரத் தேத்தண்ணியை அரை மணி நேரம் முன்னால் கொடுத்ததும் ஓட்டம் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆகவே பிள்ளையை விடும்போது ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். எதைச் சொன்னால் என்ன அர்த்தம், வலித்தால் என்ன செய்வான், எதற்குப் பயம், எப்படிச் சாப்பிடுவான், எது ஒத்துக்கொள்ளாது. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. கட்டிலுக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். எழுத வராவிட்டால் டீச்சர் யாரையாவது பிடியுங்கள், பத்து வரி போதும்.

வெளிநாடு என்றால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் வைத்தியசாலை இருந்தது. அறிவுசார் குறைபாடும் ஓட்டிசமும் உள்ளவர்களுக்கானது, ஓர் ஆளுக்கு வாரம் ஆயிரக்கணக்கான பவுண் கட்டணம். 2011 மே மாதம் பிபிசி மறைத்து வைத்த கமராவால் எடுத்த காட்சிகளை ஒளிபரப்பியது. அடித்தார்கள், கதிரையால் அழுத்திப் பிடித்தார்கள், உடுப்போடு குளிர்ந்த நீரை ஊற்றினார்கள். 11 ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் 6 பேர் சிறைக்குப் போனார்கள். கண்காணிப்பு அமைப்புக்கு முன்பே தகவல் போயிருந்தும் அது அசையவில்லை. 2019 இல் வோர்ல்ட்டன் ஹோல் என்ற வேறோர் இடத்தில் மறுபடியும் அதே மாதிரிக் காட்சிகள். பணமும் சான்றிதழும் இருந்த இடங்கள் இவை. வெளியாட்கள் வந்து போகாத இடத்தில் இது நடக்கும்.

நம்மிடம் வெளியாட்கள் வருகிறார்கள்தான், ஆனால் தானம் கொடுக்க. பிறந்தநாளுக்கு மதியச் சாப்பாடு என்று வேனில் வருவார்கள். வேன் வளைவுகளில் பிந்தினால், காலையில் மாத்திரை போட்டவர்கள் பசியோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு பாட்டு, போட்டோ. கொடுப்பவர் மனது நல்லதுதான், மறுக்கவில்லை. அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பதிலாக இரவு வேலைக்கு இன்னோர் ஆளின் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துப் பாருங்கள். நாள் முழுக்கக் கழுவி, தூக்கி, ஊட்டிக் களைத்த ஒருத்தியே இரவும் தனியாக எல்லாரையும் பார்க்கிற இடத்தில் நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

முறைப்பாடு செய்ய அநேகமாக எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள், "திருப்பி அனுப்பிட்டா என்ன செய்வோம்" என்று. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வலது குறைந்தோரின் உரிமைகளுக்காகவே வந்தது. அதே உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பிள்ளைகள் விஷயமென்றால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் 1929 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன. பெரியவர்களுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கம். தமிழிலேயே எழுதலாம். திகதி போட்டு எழுதி, ஒரு பிரதி கையில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் அதே ஹோமில் பிள்ளையை விட்ட இன்னும் இரண்டு குடும்பங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், யாருடைய பிள்ளையையும் குறிப்பிடாமல் பொதுவாக எழுதலாம்.

அதுவரைக்கும், போகிற ஒவ்வொரு முறையும் எடைக் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள். மாதத்துக்கு ஒரு தடவையாவது நிறுக்காத ஹோமில், பிள்ளை மெலிகிறான் என்று உடுப்பு தொளதொளக்கும்போதுதான் தெரியவரும். தராசு இல்லை என்றால் பக்கத்துத் தோட்ட டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போய் நிறுக்கலாம்.